மஞ்சள் நூல் கட்டிய பிஞ்சுகள்

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. ஜனவரியில் டைரி எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்குச் சீத்தா மரம் துளிர்க்கும்போதுதான் வருஷம் பிறக்கிறது. மாசியில் கவாத்து பண்ணின கிளைகள் எல்லாவற்றிலும் இளம்பச்சை வந்திருக்கிறது.

காலையில் ஆவுடையும் நானும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். இந்த வருஷமும் பழம் கோணலாக வந்தால், தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓசூரில் மகள் சங்கரி வீட்டோடு போய்விடுவது. உருண்டையாக வந்தால் இங்கேயே இருப்பது. அதன் பிறகு அவள் ஓசூர் பேச்சையே எடுக்கக் கூடாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் பிடிவாதமாகக் கேட்டது இது ஒன்றைத்தான். பேத்தி வளர்வதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமாம். எனக்கோ இந்த இரண்டு ஏக்கரை விட்டால் மூச்சு முட்டும். ஆறாவது மாடியில் உட்கார்ந்து என்னத்தை வளர்ப்பது, மணிபிளான்ட்டா?

"பேச்சு மாறக் கூடாது பாத்துக்கோங்க" என்றாள்.

"இந்த உச்சிமாகாளி பேச்சு மாறி எவனாவது பாத்திருக்கானா?" என்றேன். பாயசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பீர் முகம்மது வந்திருந்தார். புளியங்குடியில் பழக் கமிஷன் கடை. சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புகிறவர். ரிட்டையர் ஆன கையோடு நான் பெரிய ரகச் சீத்தா ஒட்டுக்கன்று வைத்தபோது, மலையில் குரங்குக்குக் காய்க்கிற சாமானுக்கு எவனாவது சொட்டுநீர் போடுவானா என்று ஊரே சிரித்தது. சிரிக்காத ஆள் இவர் ஒருவர்தான். அதற்காக இவருக்கு எப்போதும் நல்ல டீ உண்டு.

"ருசி குறை சொல்ல முடியாது அண்ணாச்சி. ஆனா மூஞ்சிதான் சரியில்ல. ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் பல்லு போன கெழவன் கன்னம் மாதிரி. கண்ணாடிக் கடையில இத எவன் அடுக்குவான்? உருண்டையாக் குடுங்க, மூணு வருசத்துக்கு நானே எடுத்துக்கிடுதேன்" என்றார்.

கோணலுக்குக் காரணம் எனக்குத் தெரியும். தோட்டக்கலைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். சீத்தாப் பூ முதலில் பெண்ணாக இருக்கும். லேசாக வாய் திறந்து உள்ளே பளபளவென்று ஈரமாக இருக்கும். மறுநாள் முழுசாக விரியும்போதுதான் ஆணாகும், மகரந்தப் பொடி உதிர்க்கும். ஒரே பூவுக்குள் இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லை. வண்டு வந்து பொடியை எந்தப் பக்கம் பூசுகிறதோ அந்தப் பக்கம் மட்டும் சதை வைக்கும். பூசாத பக்கம் குழி விழும். ஆகவே வண்டு வேலையை நாமே செய்ய வேண்டும். விரிந்த பூவைச் சாயங்காலம் பறித்துத் தட்டில் வைத்து, உதிர்ந்த பொடியை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, காலையில் வாய் திறந்த பூவுக்குள் பிரஷ்ஷால் சுற்றிலும் தடவ வேண்டும். போன வருஷம் சோதனைக்கு ஒரு மரத்தில் செய்தேன். அத்தனையும் ரப்பர் பந்து.

இது கை சுத்தம் கேட்கிற வேலை. அரசு ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருஷம் ரத்தம் எடுத்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

மே 6, திங்கள்

ஆரம்பித்தாயிற்று. விடிந்ததும் இறங்கினோம். நான் பிரஷ்ஷோடு முன்னால். ஆவுடை இடுப்பில் பொடி டப்பாவும் உல்லன் நூலுமாகப் பின்னால். நான் தொட்ட பூவின் காம்பில் அவள் நூல் கட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு நிறம். இந்த வாரம் சிவப்பு, அடுத்தது பச்சை, பிறகு நீலம், வெள்ளை. என்றைக்குத் தொட்ட பூ பிடித்தது, என்றைக்குத் தொட்டது உதிர்ந்தது என்று அப்புறம் தெரிய வேண்டாமா? லேபிள் ஒட்டாத சாம்பிளைக் குப்பையில் போடு என்று ஜூனியர்களைத் திட்டியே பழகியவன் நான்.

எனக்குப் பொடி தீர்ந்தால் நின்று டப்பாவை வாங்கிக்கொள்கிறேன். மற்றபடி திரும்பிப் பார்க்க நேரமில்லை. வெயில் ஏறினால் பூவின் ஈரம் காய்ந்துவிடும்.

மே 9, வியாழன்

பூ வாய் திறந்தால் கனிந்த பழ வாசம் அடிக்கும். அதை வைத்தே எந்த மரத்தில் அன்றைக்கு வேலை என்று சொல்லிவிடலாம். இந்த வருஷம் வாசமே இல்லை. கத்தரி வெயில் போலிருக்கிறது. ஆவுடையைக் கேட்டால், தோப்பே மணக்கிறது என்கிறாள். அவள் மூக்கு எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்.

அவள் ரொம்பப் பின்தங்கி வருகிறாள். நான் வரிசையின் முடிவுக்குப் போய் நிற்கிறேன், அவள் பாதியில் இருக்கிறாள். ஒரு நூல் முடிச்சுக்கு இவ்வளவு நேரமா?

"கண்ணு தெரியல, மெதுவாத்தான் கட்ட முடியும். நீங்க போங்க" என்றாள்.

கண்ணாடியை மாற்று என்று இரண்டு வருஷமாகச் சொல்கிறேன். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

மே 17, வெள்ளி

டைரியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னது, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருக்கீய?" என்றாள் ஆவுடை. மருந்துக் கம்பெனிக்காரன் சும்மா கொடுத்த டைரி. கோட்டை நெருக்கமாகப் போட்டிருக்கிறான். நான் என்ன செய்ய?

பேத்தி போன் செய்தாள். லீவுக்கு வந்தபோது விட்டுப்போன கலர் பாக்ஸைக் கூரியரில் அனுப்பியிருந்தோம். அதில் பிரஷ் இல்லையாம். வீட்டில் எங்கேயாவது கிடக்கும், தேட வேண்டும்.

மே 26, ஞாயிறு

பீர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, கோவமா இருக்கீயளா? மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்கீய" என்றார். எனக்கு ஒரு கோபமும் இல்லை. சொல்லப்போனால் சந்தோஷமாகத்தான் இருந்தேன். சிவப்பு நூலில் பிஞ்சு பிடிக்கத் தொடங்கிவிட்டது. பூவிதழ் உதிர்ந்து, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பச்சைப் பொட்டு. தொட்டதில் முக்கால்வாசி நிற்கிறது. பயிற்சி கொடுத்தவர்களே இவ்வளவு சொல்லவில்லை.

அவர் போனதும் ஆவுடை, நான் நடக்கும்போது வலது கை வீசவே இல்லை, ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது, டாக்டரிடம் காட்டலாம் என்றாள். பிரஷ் பிடித்துப் பிடித்துத் தோள் இறுகியிருக்கிறது, தைலம் தேய்த்தால் போகும் என்றேன். நான் பார்க்காத டாக்டரா?

மடியில் கையைச் சும்மா வைத்திருப்பதைவிடச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது இப்போதெல்லாம் வசதியாக இருக்கிறது.

ஜூன் 2, ஞாயிறு

ஆவுடையின் தங்கைக்குத் தூத்துக்குடியில் பித்தப்பைக் கல் ஆபரேஷன். நாளைக்கு இவள் துணைக்குப் போகிறாள், சனிக்கிழமை வருவாள். ரசப்பொடி எங்கே, எதில் உப்பு என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் இதைச் சொன்னாள்:

"நான் வார வரைக்கும் பூவத் தொட வேண்டாமே. மாவுப்பூச்சிக்கு மருந்து அடிக்கலாம்லா."

"மரம் உனக்காகப் பூக்காம காத்துக்கிட்டு இருக்குமா?" என்றேன்.

"ஒரு வாரம் போனா என்ன கொறஞ்சிரும்? ஒங்களுக்கும் கை ஓய்வா இருக்கும்."

"எங் கைக்கு என்ன வந்துச்சி?"

பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. தொட்டது எல்லாம் பிடித்திருக்கிறது, இதற்கு மேல் இந்தக் கை என்ன சாட்சி சொல்ல வேண்டும்?

ஜூன் 3, திங்கள்

மஞ்சள் நூல். தனியாகத்தான் செய்தேன். தடவுவது ஒரு பங்கு, நூல் கட்டுவது மூன்று பங்கு. இந்த நூல் வழுவழுவென்று இருக்கிறது, முடிச்சு நிற்க மாட்டேன் என்கிறது. பல்லால் கடித்து இழுத்துக் கட்டினேன். நாலு மரம்தான் முடிந்தது.

ஜூன் 5, புதன்

குற்றாலத்துச் சாரல் காற்று இங்கே வெறும் காற்றாக வருகிறது. பிரஷ்ஷில் பொடி நிற்பதில்லை. மூன்று மரம். சட்டைப் பித்தானோடு கொஞ்சம் போராட்டம், பனியனோடே போனேன். தோப்பில் என்னைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

ஜூன் 8, சனி

ஆவுடை வந்துவிட்டாள். பையை வைத்த கையோடு தோப்புக்குத்தான் போனாள். மஞ்சள் நூல் கட்டிய கிளைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் கட்டிய முடிச்சுகளைப் பார்த்துச் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

பூ முடிந்தது. கடைசி வாரத்துக்கு ரோஸ் நூல். அதே காற்றுதான், ஆனால் ரோஸ் நன்றாகவே பிடித்திருக்கிறது. இனிக் கையால் செய்ய வேலை இல்லை, தண்ணீரும் உரமும்தான்.

ஜூலை 10, புதன்

தோப்பு பார்க்க அழகாக இருக்கிறது. சிவப்பும் பச்சையும் நீலமுமாக, கோயில் மரத்தில் நேர்ச்சை கட்டின மாதிரி. பிஞ்சுகள் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டன. உருண்டை. எந்தப் பக்கம் திருப்பினாலும் உருண்டை. இன்றைக்குச் சங்கரியிடம் போனில் பெருமையடித்தேன். "அப்போ நீங்க ஓசூர் வர மாட்டீங்க" என்றாள். குரல் இறங்கிப்போயிற்று. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் ஜெயித்தவன் நான்.

ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தோற்றவள் மாதிரியே இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இதை எழுதவே கூடாது என்று நினைத்தேன். எழுதாவிட்டால் டைரி என்ன டைரி.

புளியங்குடிக்குப் போன வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. வீடு பூட்டியிருந்தது, தோப்புக்குப் போனேன். மேற்கு வரிசையில் ஆவுடை பிஞ்சு கழித்துக்கொண்டிருந்தாள். கோணல் பிஞ்சைக் கிள்ளிப்போட்டால் மரத்தின் சத்து நல்ல பிஞ்சுக்குப் போகும், நான் சொல்லிக்கொடுத்ததுதான். என் செருப்புச் சத்தம் கேட்டதும் கூடையின் மேல் முந்தானையை இழுத்துப் போட்டாள். நாற்பது வருஷமாக என்னிடம் எதையும் மறைக்கத் தெரியாதவள். முந்தானையை எடுத்தேன்.

கூடையில் கிடந்தது எல்லாம் கோணல். ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் உப்பல், சிலது மொச்சைக்கொட்டை மாதிரி வளைந்து. எல்லாக் காம்பிலும் மஞ்சள் நூல்.

"காத்து அடிச்சதுல, அதான்" என்றாள்.

"காத்து ரோஸ் வாரத்துலயும்தான் அடிச்சுது."

நான் மரம் மரமாகப் போய்ப் பார்த்தேன். பாதி மஞ்சளில் பிஞ்சே இல்லை, நூல் மட்டும் வெறும் காம்பில் தொங்கியது. மிச்சத்தில் ஒன்றுகூட நேராக இல்லை. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, ரோஸ் எல்லாம் உருண்டை. ஒரே தோப்பு, ஒரே பொடி, ஒரே பிரஷ், ஒரே கை. மஞ்சள் வாரத்தில் இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். ஒரு மாற்றம், ஒரு ரிசல்ட். இதைப் படிக்கத் தெரியாவிட்டால் முப்பது வருஷம் லேபில் என்னத்தைக் கிழித்தேன்?

"நான் தொட்ட பூவை எல்லாம் மறுபடியும் நீ தொட்டியா?" என்றேன்.

"எல்லாத்தையும் இல்ல."

"எத்தனய?"

"எல்லாத்தையும்தான்" என்றாள். அப்புறம், "பாப்பாவோட பிரஷ்ஷு அது. சின்னதா நல்லா இருந்துச்சி" என்றாள்.

முதல் நாளிலிருந்தே நடந்திருக்கிறது. நான் முன்னால் கம்பீரமாகப் போக, பின்னால் இவள் ஒவ்வொரு பூவையும் திருப்பிப் பிடித்துப் பொடி வைத்து, அதற்கப்புறம் நூல் கட்டியிருக்கிறாள். ஓசூருக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் இவள். சும்மா இருந்திருந்தாலே ஜெயித்திருப்பாள்.

எனக்குக் கோபம் வந்தது. கூடையை எட்டி உதைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

பேசவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தோசைக்குச் சட்னி வேண்டுமா, பொடி வேண்டுமா என்று கேட்டாள். பொடி என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சொல்லிவிடுகிறேன். என் கைக்கு என்ன வந்திருக்கிறது என்று எனக்குத் தை மாதமே தெரியும். லேபுக்கு வருகிறவர்களைப் பார்த்தே வியாதி சொல்கிற ஆள் நான். பெரும்பாலும் சரியாக இருக்கும். மடியில் வைத்த கையின் கட்டைவிரல் ஏதோ உருட்டுகிற மாதிரி தானாக ஆடும். எழுத்து சின்னதாகும். வாசனை போகும். முகம் சிரிப்பதை மறக்கும். பித்தான் போட நேரமாகும். நரம்பு டாக்டரின் சீட்டோடு வந்த எத்தனை பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கின்சன் என்று எழுதியிருக்கும். எனக்கு வந்தால் மட்டும் கத்தரி வெயில், தோள்வலி, டைரிக் கோடு.

பயமாக இருக்கிறது. வியாதியைப் பற்றி அல்ல, அதற்கு மாத்திரை இருக்கிறது. இந்தக் கையை எல்லோரும் புகழ்ந்தார்கள், நான் அதைத் தவிர வேறெதையும் சம்பாதித்ததாக நினைக்கவில்லை. அது போனால் மிச்சம் இருக்கிற ஆள் யார் என்று எனக்கே தெரியவில்லை.

இதை ஆவுடையிடம் கிணற்று மோட்டார்ப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. மோட்டாரை நிறுத்திவிட்டு, "மறுபடி சொல்லுங்க" என்றாள். மறுபடி சொன்னேன்.

"சரி, நாளைக்கே திருநவேலி போவோம்" என்றாள். அவ்வளவுதான். நான் ஏழு மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தது அவளுக்கு ஒரு பஸ் பயணம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நான் நினைத்ததேதான். மாத்திரை தொடங்கிப் பத்து நாளாகிறது. இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இனிமேல் எழுத்தைப் பெரிதாக எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர், பயிற்சியாம். எழுதப் பார்க்கிறேன். வரி முடிவதற்குள் எழுத்து மறுபடியும் சுருங்கிவிடுகிறது.

செப்டம்பர் 14, சனி

முதல் பறிப்பு. பழத்தோலில் கண்ணுக்குக் கண் இடைவெளி விரிந்து, இடுக்கில் வெண்மஞ்சள் ஓடிவிட்டது. பீர் முகம்மது ஒரு பழத்தைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது ஒங்க கையா!"

"என் வீட்டம்மா கை" என்றேன். கஷ்டப்பட்டுத்தான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன். அவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். ஆவுடை சிரிக்கவில்லை. பழத்துக்கு இடையில் வைக்கோலைத் திணித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று வருஷத்துக்குப் பேசிக்கொள்வோமா என்று கேட்டார். ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று முதல் நான் சொல்லச் சொல்ல ஆவுடை எழுதுகிறாள். எழுத்து அழகாக இல்லை, ஆனால் படிக்க முடிகிறது. இப்படி எழுதாதே என்றேன், எழுதிவிட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். பந்தயத்தில் நான் ஜெயிக்கவில்லை. மஞ்சள் நூல்தான் என் மார்க்கு. ஆகவே பேச்சுப்படி தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓசூர் போகிறோம். பீர் முகம்மதுவிடம் முடியாது என்று நாளைக்குச் சொல்லிவிடுவேன். இது கோபத்தில் சொல்வது அல்ல. அவளுடைய நியாயம் அவளுக்குக் கிடைக்க வேண்டும். சங்கரியிடம் ஒரு ரூம் ஒழிக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் இன்றைக்கு.

அவர் சொன்னது முடிந்தது. தூங்கப் போய்விட்டார். இனி நான் எழுதுகிறேன்.

முதல் நாள் அவர் தொட்ட பூவைப் பார்த்தேன். பொடி ஒரு ஓரத்தில்தான் இருந்தது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு போனார். ரிட்டையர் ஆன பிறகு அவர் பாடி நான் கேட்டதில்லை. அதனால் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்காகத்தான் செய்தேன். இரண்டாவது வாரத்தில் எனக்கே ஆசை வந்துவிட்டது. விடிந்தால் எந்தப் பூ வாய் திறந்திருக்கும் என்று ராத்திரியே நினைக்கத் தொடங்கினேன். தூத்துக்குடியில் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மரத்தை நினைத்தேன், பாவம் அவள். இத்தனை வருஷம் எனக்கு இப்படி ஒரு வேலை தெரியும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

பீர் அண்ணனுக்கு மத்தியானமே போன் பண்ணி, மூன்று வருஷத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். சங்கரியிடமும் சொல்லிவிட்டேன், லீவு விட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீ வா என்று. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் இதை அவரே படித்துக்கொள்ளட்டும்.

அடுத்த சித்திரையில் பிரஷ் என் கையில். அவர் பின்னால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வரட்டும், எந்தப் பூவை விட்டுவிட்டேன் என்று குறை சொல்லிக்கொண்டே வரட்டும். நூலையும் நானே கட்டிக்கொள்வேன்.